பெட்டிகளுக்குப் பெரட்டு வைத்தவன்

ஹட்டனில், இரும்புக் கடைக்கு மேல்மாடியில், சினிமாக் காட்சிகளை ஒட்டிச் சேர்க்கும் கூடம் ஒன்றை நடத்திக் காட்டியவன் நான். தகரக் கூரை ஒழுகிய இடத்தில் பலகை அடித்து, அதற்குக் கீழே கம்பியூட்டர் வைத்தவன் நான். மழை வலுத்தால் மின்சாரம் போய்விடும் ஊரில், லொறி பெட்டரிகளை வரிசையாக அடுக்கி, வேலை நடுவில் திரை அணையாமல் பார்த்துக்கொண்டவன் நான். கொழும்புக்கும் போகாமல், சென்னைக்கும் போகாமல், காலையில் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து கிளம்பி சினிமா வேலை பார்த்துவிட்டு மாலை பஸ்ஸில் வீட்டுக்குப் போகலாம் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காட்டியவனும் நான்தான். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன் செய்தது இதெல்லாம் என்றால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த மாடிப்படியில் ஏறி வந்தவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்றைச் செய்திருக்கிறேன். அதை எழுதத்தான் இப்போது உட்கார்ந்தேன். எழுத வைத்தது ஒரு போன்.

சென்ற மாதம் தர்ஷினி கொழும்பிலிருந்து பேசினாள். என் கூடத்தில் தொழில் பழகிய பிள்ளை. இப்போது பெரிய இடத்தில் இருக்கிறாள்.

"அண்ணே, ஒரு வீடியோ அனுப்பியிருக்கேன், பாத்தீங்களா?"

"என்ன வீடியோ, கல்யாணமா?"

"ஒங்களுக்கு எப்பவும் கல்யாணந்தான். பாருங்க. பாத்துட்டுக் கோவத்துல சாப்புடாம இருந்துறாதீங்க. அண்ணி என்னையத்தான் ஏசுவாங்க."

பார்த்தேன். நாங்கள் ஒரு காலத்தில் வேலை செய்துகொடுத்த கொழும்பு நிறுவனம் புதியவர்களுக்காக வெளியிட்ட பாடம் அது. சுத்தமாக முகம் மழித்த ஒரு பையன், கலைந்து கிடக்கும் வேலையை எப்படி ஒழுங்காக அடுக்குவது என்று ஆங்கிலத்தில் விளக்குகிறான். மேலே ஒரு வரிசை. அதற்குக் கீழே தனித்தனி நிரைகள். வேண்டாததை வெட்டும் முறை. கடைசியில் சரிபார்க்கும் இடம். இதை "எங்கள் குழு உருவாக்கிய ஒழுங்கு" என்றான். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கிலப் பெயர் வைத்திருந்தான். கடைசிவரை பார்த்தேன். என் வீட்டுக்குள் யாரோ சப்பாத்துக் காலோடு நடந்து திரிவதைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றதுபோல இருந்தது.

அந்த ஒழுங்கு என்னுடையது.

தொழில் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் நீங்கள் ஒரே படமாகப் பார்ப்பது ஒரே படம் இல்லை. வானம் ஓரிடத்தில் எடுத்தது, மலை வேறிடத்தில் எடுத்தது, முன்னால் நடக்கும் மனிதர் இன்னொரு நாள் எடுத்தது. இவற்றைச் சேர்ப்பதுதான் எங்கள் வேலை. கம்பியூட்டரில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சின்னப் பெட்டி. நோட் என்பார்கள். வானத்தைக் கொண்டுவர ஒரு பெட்டி, நிறத்தை மாற்ற ஒரு பெட்டி, ஆளின் ஓரத்தை வெட்டியெடுக்க ஒரு பெட்டி, இரண்டை ஒன்றாக்க ஒரு பெட்டி. பெட்டியிலிருந்து பெட்டிக்குக் கோடு இழுத்தால், மேலே ஊற்றிய தண்ணீர் போலப் படம் ஒவ்வொன்றாய் நனைத்துக்கொண்டு கீழே இறங்கிவரும். கடைசிப் பெட்டியில் விழுவதுதான் தியேட்டரில் நீங்கள் பார்ப்பது. ஒரு காட்சிக்குச் சில நூறு பெட்டிகள்கூட வரும். அவற்றை ஒழுங்கில்லாமல் போட்டால், போட்டவனுக்கே மறுநாள் வழி தெரியாது.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில், அம்மா கொழுந்து பறிக்கும் மலையில். எட்டாம் வகுப்பு முடிந்ததும் ஹட்டனில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தேன். படம் கழுவினேன், லைட் பிடித்தேன், பிறகு கல்யாண வீடியோ வெட்டினேன். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் தங்க எழுத்தில் வானத்திலிருந்து சுழன்று இறங்க வேண்டும். அதில் என்னை மிஞ்ச அன்றைக்கு ஹட்டனில் ஆளில்லை. கடைசியில் முதலாளியின் பெயரை ஒரு தாமரைக்குள்ளிருந்து விரிய வைப்பேன். ஊரார் பெயரையெல்லாம் அத்தனை அழகாக எழுதிய எனக்கு, என் பெயரை அந்தத் திரையில் ஒரு தடவை ஓடவிட வேண்டும் என்று ஆசை இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அப்படி ஒரு கல்யாண வீடியோதான் என்னைக் கொழும்புக்கு இழுத்துக்கொண்டு போனது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் மேகத்துக்கு நடுவில் நிற்க வைத்திருந்தேன். காற்றில் பறந்த பெண்ணின் கூந்தலை, ஓர் இழை விடாமல் வெட்டியெடுத்து மேகத்தின் மேல் வைத்திருந்தேன். கல்யாணத்துக்கு வந்திருந்த விருந்தாளி ஒருவர் வீடியோவைப் பார்த்துவிட்டு ஸ்டூடியோவுக்கே தேடி வந்தார்.

"இந்த முடி யாரு வெட்டினது?" என்று கேட்டார்.

முதலாளி தன்னைக் காட்டிக்கொள்வதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

அவர்தான் பண்டார சேர். கொழும்பு நிறுவனத்தில் எங்கள் வேலைக்கெல்லாம் தலைவர்; என்னையும் அங்கே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். சிங்களவர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். என்னை மல்லி என்பார், தம்பி என்று அர்த்தம். ஒல்லியான, உயரமான மனிதர். அரைக்கை வெள்ளைச் சட்டை. வெயிலோ மழையோ, கையில் குடை. வாயில் எப்போதும் ஒரு கராம்பு. அவர் வருவதற்கு முன்னால் கராம்பு வாசனை வந்துவிடும். அறையில் இருக்கிற எல்லா முதுகும் நிமிரும்.

அவர் மவுஸைத் தொட்டு நான் பார்த்ததில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் தோளுக்குப் பின்னால் நிற்பார். நிற்கிறாரா போய்விட்டாரா என்று தெரியாத அளவுக்கு நிற்பார். பிறகு நீளமான ஒரு விரல் திரையை நோக்கி வரும். ஏதாவது ஒரு பெட்டியைக் காட்டும்.

"இது என்னா செய்றது?"

ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். "வானத்தைக் கொஞ்சம் கறுப்பாக்குது சேர்." சரி என்றால் விரல் அடுத்த பெட்டிக்குப் போகும். நாம் தடுமாறினால் ஒரே சொல்தான் வரும்.

"அணை."

அந்தப் பெட்டியை மட்டும் அணைத்துவிட்டுப் படத்தைப் பார்க்க வேண்டும். படம் மாறவில்லை என்றால், "வெட்டு" என்பார். மாறினால், "இப்ப தெரியுது தானே. எழுது" என்பார். அந்தப் பெட்டியின் வேலையை அதன் தலையிலேயே எழுதிவைக்க வேண்டும். திட்ட மாட்டார். பாராட்டவும் மாட்டார். வேலை பிடித்திருந்தால் சட்டைப் பையிலிருந்து கராம்பு ஒன்றை எடுத்து நம் மேசையில் வைத்துவிட்டுப் போவார். என் மேசையில் விழுந்த கராம்பில் ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சமைத்திருக்கலாம்.

அவர் வெட்டச் சொன்னதற்கு நான் மனதுக்குள் கவ்வாத்து என்று பெயர் வைத்தேன். தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவது கவ்வாத்து. பார்க்கிறவனுக்கு மலை செத்துவிட்டது போலத் தெரியும். செடி அப்புறம்தான் தழைக்கும்.

சில வருடங்கள் அப்படிப் போயின. கொழும்பு வெயில் எனக்கு ஒத்துவரவில்லை. இரவில் புரண்டு படுத்தால் தலையணை நனைந்திருக்கும். அந்த நேரம் நிறுவனத்துக்குச் சென்னைப் படங்கள் வரத் தொடங்கின. கைகள் போதவில்லை. ஹட்டனில் ஒரு கூடம் போட்டால் ஓரம் வெட்டும் வேலைகளை அங்கே அனுப்பலாமே என்று நானே கேட்டேன். பண்டார சேர் கொஞ்ச நேரம் குடையின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஹரி" என்றார். சரி என்று அர்த்தம்.

மாடியைக் கொடுத்தவர் இரும்புக் கடை நஸீர் ஹாஜியார். அவருக்குக் கடைசிவரை நாங்கள் என்ன செய்கிறோம் என்பது விளங்கியதில்லை.

"தம்பி, ஆணி வாங்க வந்தவன் கேக்குறான், மேல பேய் ஓட்டுறாங்களான்னு. ஒரே காட்சி காலையிலேருந்து ஓடுதாம். ஒரு பொம்பளை நடக்குறா, நடக்குறா, எடத்த விட்டு நகரவே இல்லையாம்."

"அவங்கள நகர வைக்கத்தான் ஹாஜியார் நாங்க சம்பளம் வாங்குறோம்."

"அப்ப நல்லா நகட்டுங்க. என் சீலிங்குதான் நகருது."

அந்தக் கூடத்தில் மூன்று பேர் என்னோடு இருந்தார்கள். நானுஓயாவிலிருந்து தர்ஷினி. டிக்கோயாவிலிருந்து மோகன். ஹட்டன் டவுனிலேயே பிறந்து வளர்ந்த ரிஸ்வான், ஹாஜியாரின் தங்கை மகன். மூவருக்கும் கை சுத்தம். நான் பழக்கிய கை, வேறெப்படி இருக்கும்.

பிற்பகலில் அந்த அறையின் சன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும். யாரும் கூப்பிடாமல் வந்து, சுவரோரமாக நின்று, எங்கள் திரைகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். திரைகளின் வெளிச்சம் அதில் பட்டு அறை முழுவதும் நீலமாகிவிடும். அப்போது யாரும் பேச மாட்டோம். கீழே இரும்பு அடிக்கிற சத்தம்கூட எங்கோ தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது போலக் கேட்கும். அந்த நேரத்தில் செய்த வேலைகள்தான் எங்கள் நல்ல வேலைகள்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் காட்சி வந்தது.

சென்னைப் படம். தோட்டத்துக் கதை. ஒரு தாய், மகனோடு மனம் கசந்துபோய், கொழுந்துக் கூடையை முதுகில் போட்டுக்கொண்டு தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போகிறாள். பாதை திரும்புவதற்குள் பனி அவளை மூடிவிட வேண்டும். படம் அத்தோடு முடிகிறது. ஆனால் படம்பிடித்த அன்றைக்கு நல்ல வெயில். பனியை நாங்கள் வைக்க வேண்டும்.

அதுவரை எங்களுக்குத் துண்டு வேலைகள்தான் வந்துகொண்டிருந்தன. ஒரு படத்தின் கடைசிக் காட்சியை முழுதாகத் தந்தது அதுதான் முதல் தடவை. அனுப்பும்போது பண்டார சேர் போனில் சொன்னார், "மல்லி, இது சரியா வந்தா, படத்துல பேர் போட சொல்லுவேன். உன்னோட பேர்."

அன்று நான் தேத்தண்ணிக்குச் சீனி போட்டேனா என்பதே நினைவில்லை.

மூவரையும் கூப்பிட்டு வேலையைப் பிரித்தேன். தாயின் ஓரத்தை மோகன் வெட்டினான். படம் ஓட ஓட, கூடையும் தலைத்துணியும் கையும் நகர நகர, கோடு வரைந்து வெட்ட வேண்டும். பனியைக் கேமராவில் எடுத்துவந்து தர்ஷினி வைத்தாள். நிறத்தை ரிஸ்வான் பார்த்தான். கோப்பு ஒன்றுதான், ஆளுக்கு ஆள் மாறி மாறித் திறந்து வேலை செய்தார்கள்.

அனுப்பினோம். திரும்பி வந்தது. "ஓரம் கொதிக்குது" என்று எழுதியிருந்தார்கள்.

உண்மைதான். தாயைச் சுற்றி, மயிரிழை அளவுக்கு, அரிசி உலை போல ஓர் ஓரம் கொதித்துக்கொண்டிருந்தது. மெல்லத்தான். ஆனால் பார்த்துவிட்டால் கண் வேறெங்கும் போகாது. பனி அவளை மூடவில்லை. அவள் பனியின் மேல் ஒட்டப்பட்டிருந்தாள். திருத்தி அனுப்பினோம். திரும்ப வந்தது. திருத்தத் திருத்தக் கொதி கூடியது. பெட்டிகளும் கூடின. கடைசியில் கொழும்பிலிருந்து சொன்னார்கள்: அடுத்த தடவையும் சரிவராவிட்டால் காட்சியைச் சென்னையிலேயே வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள்.

காட்சி போனால் பெயரும் போகும். நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். என் வீட்டுக்காரி, "படத்துல பேரு வரலேன்னா ஒங்களுக்குப் பேரே இல்லாமப் போயிருமா?" என்று கேட்டாள். போய்விடும் என்றுதான் எனக்குப் பட்டது.

பண்டார சேர் ரயிலேறி வந்தார். ஸ்டேஷனிலிருந்து குடையோடு நடந்தே வந்தார். படியேறும்போதே கராம்பு வாசனை. வந்தவர் உட்காரவில்லை, திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பெட்டிகள் முழுவதும் தெரியும்படி விரித்துக் காட்டச் சொன்னார்.

காட்டினோம். கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நூல்கண்டைப் பூனை உருட்டியது போலக் கிடந்தது. விரல் வந்தது.

"இது என்னா செய்றது?"

தர்ஷினி மோகனைப் பார்த்தாள். மோகன் ரிஸ்வானைப் பார்த்தான். ரிஸ்வான் சன்னலைப் பார்த்தான்.

விரல் அடுத்த பெட்டிக்குப் போனது. அதற்கும் மூவரும் முழித்தார்கள். சேர் அணைக்கச் சொல்லவில்லை. அணைத்தால் எது எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இன்னைக்கு யாரும் படத்தை தொட வேணாம். பெட்டி மட்டும் நகத்து" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எப்படி அடுக்குறது மல்லி?" என்றார்.

சன்னல் வழியாகப் பனி வந்து நின்றிருந்தது. நான் திரையைவிட்டு நாலடி பின்னால் போய் நின்று பார்த்தேன். பெட்டிகளின் எழுத்து தெரியவில்லை. பச்சை நிலத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். நிறம் நிறமான புள்ளிகள். பார்க்கப் பார்க்க அது கம்பியூட்டராக இல்லாமல் போய்விட்டது. ரோட்டிலிருந்து பார்க்கிற எங்கள் மலையாகிவிட்டது. கூடையோடு பெண்கள் அங்கொருத்தி இங்கொருத்தியாக நிற்கிறார்கள். ஒருத்தியும் நிரையில் இல்லை. ஒருத்தி பறித்த செடியில் இன்னொருத்தி பறிக்கிறாள். யார் எந்த வழியாக உள்ளே வந்தாள் என்றே தெரியவில்லை.

"சேர், இவங்க யாரும் பெரட்டுக்கு வரல்ல" என்றேன்.

"யாரு?"

"பெட்டிங்க. பெரட்டுல நிக்காமலே மலையில எறங்கிட்டாங்க."

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கூடும் இடம். எல்லோரும் அங்கே வந்து நின்றுதான் அன்றைக்கு எந்த மலை, எந்த நிரை என்று கேட்டுக்கொண்டு போக வேண்டும். நிற்காதவர்களுக்கு அன்று பேர் இல்லை, வேலையும் இல்லை. சேருக்கு அது தெரிந்திருந்தது. சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. கராம்பு ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போனது. "வை" என்றார்.

வைத்தேன். சட்டம் இதுதான். வெளியிலிருந்து வருகிற எதுவாக இருந்தாலும், எடுத்த படமோ, வெட்டிய ஓரமோ, பனியோ, முதலில் மேலே ஒரே வரிசையில் வந்து நிற்க வேண்டும். நடுவழியில் யாரும் புகுந்துகொள்ளக் கூடாது. அங்கிருந்து ஒவ்வொன்றும் தன் நிரையில் நேராகக் கீழே இறங்க வேண்டும். தாய்க்கு ஒரு நிரை, தேயிலைக்கு ஒரு நிரை, வானத்துக்கு ஒரு நிரை. ஒருத்தர் நிரையை இன்னொருத்தர் குறுக்கே வெட்டக் கூடாது. கோடு திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வைத்து, ரோடு திரும்புவது போலத் திருப்ப வேண்டும். வேலையில்லாத பெட்டிக்குக் கவ்வாத்து. எல்லாம் கீழே பெரிய ரோட்டில் வந்து சேர்ந்த பிறகு, கடைசியில் நிறுவை.

நிறுவை என்று நான் சொன்னது, கொழுந்தை நிறுத்துப் பார்ப்பது போலப் படத்தை நிறுத்துப் பார்ப்பது. அடுக்குவதற்கு முன் இருந்த படத்தையும் அடுக்கிய பிறகு வந்த படத்தையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிட வேண்டும். இரண்டும் ஒன்றென்றால் எதுவும் மிஞ்சாது; திரை முழுக்கக் கறுப்பாக நிற்கும். எங்காவது ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தால், அடுக்குகிற சாக்கில் எதையோ மாற்றிவிட்டோம் என்று அர்த்தம்.

பெட்டியை நகர்த்துவோம், கழிப்போம், கறுப்பு. நகர்த்துவோம், கழிப்போம், கறுப்பு. நாலு பேர் கண்ணும் ஒன்றுமில்லாத ஒரு கறுப்புத் திரையைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த ஹாஜியார் எட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா, இதுதான் நல்லா வந்ததுக்கு அடையாளம்" என்றான் ரிஸ்வான்.

ஹாஜியார் தட்டை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மாலைக்குள் மேல்வரிசை நிரம்பியது. விரல் வந்தது. இந்தத் தடவை வரிசையில் ஒவ்வொன்றாக நடந்தது.

"மலை. சரி. அம்மா. சரி. அம்மாவோட ஓரம். சரி. பனி. சரி." விரல் நின்றது. "இது?"

"பனி சேர்."

"இது?"

"அதும் பனி."

மூன்று பனிகள் நின்றுகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், தாயைச் சுற்றித் தனித்தனியாக வெட்டிய ஓர் ஓரம். மூன்று பேர், மூன்று கை, மூன்று ஓரம். ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம். அந்த வித்தியாசம்தான் கொதித்துக்கொண்டிருந்தது. பெட்டிகள் குப்பையாய்க் கிடந்தவரை, ஒன்றின் அடியில் ஒன்று ஒளிந்துகொண்டு, யார் கண்ணிலும் படவில்லை.

"யாரு வெச்சது?"

மோகன்தான் வாயைத் திறந்தான்.

"சேர், தர்ஷினி வெச்ச பனி மேலேருந்து எறங்குது. பனி எங்க சேர் மேலேருந்து எறங்கும்? ஆத்துப் பக்கத்துலேருந்துதானே ஏறும். மொதல்ல கால மூடணும். அதான் கீழ கொஞ்சம் வெச்சேன்."

"டிக்கோயாவுல ஏறும்" என்றாள் தர்ஷினி. "நானுஓயாவுல வந்து பாருங்க. தலையத்தான் மொதல்ல எடுக்கும். கால் மட்டும் தனியா நடந்துபோறது தெரியும். நான் பொறந்ததுலேருந்து பாக்குறேன்."

"ரெண்டு பேரும் சொல்றது தோட்டத்துப் பனி" என்றான் ரிஸ்வான். "பனி பாதையோட வரும். பஸ்ஸுக்குப் பின்னாலயே வரும். அதான் பாதையில..."

"நீயுமா?" என்றேன்.

"கொஞ்சந்தான் அண்ணே."

ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒவ்வொருவரும் தன் ஊர்ப் பனியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மற்றவர் பனி பொய் என்று மூவருக்கும் அத்தனை நிச்சயம். வேறு ஊரில் பிறந்த யாரும் இந்தப் பிழையைச் செய்திருக்க முடியாது. அவர்களுக்குப் பனி என்றால் வெள்ளையாக ஒன்று, ஒன்று போதும்.

எதை வெட்டுவது என்று சேர் என்னைக் கேட்டார். மூவரும் என் வாயைப் பார்த்தார்கள். என் முடிவை இப்போதும் பெருமையாகச் சொல்வேன். ஒன்றையும் வெட்டவில்லை. தூரத்து மலையில் தர்ஷினியின் பனி இறங்கட்டும். பாதையில் ரிஸ்வானுடையது வரட்டும். தாயின் காலடியில் மோகனுடையது ஏறட்டும். மூன்றுக்கும் தனித்தனி நிரை. ஆனால் ஓரம் ஒன்றே ஒன்று. மோகன் முதலில் வெட்டிய ஓரம் பெரட்டில் நிற்கும். மூன்று பனியும் அதை மட்டும் கேட்டு நடக்கும். மற்ற இரண்டு ஓரத்துக்கும் கவ்வாத்து.

ஓடவிட்டோம்.

தாய் இறங்கிப் போனாள். கூடையின் அடியில் இருந்த கறுப்பு முதலில் சாம்பலானது. தேயிலையின் பச்சை வற்றியது. அவள் பாதத்தை எது எடுத்தது, தோளை எது எடுத்தது என்று சொல்ல முடியவில்லை. அவள் இருந்தாள்; பிறகு அவள் இருந்த இடம் இருந்தது; பிறகு அதுவும் இல்லை. தர்ஷினி எழுந்து, தன் ஸ்வெட்டர் கையால் திரையைத் துடைத்தாள். சன்னல் வழியாக வந்த பனி திரையில் படிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். துடைத்த பிறகும் பனி அங்கேயே இருந்தது.

பண்டார சேர் நாலு மேசையிலும் நாலு கராம்பு வைத்தார்.

"பேர் எழுதிக் குடு மல்லி. நாலு பேரோட பேர்."

படம் வந்தது. வீட்டுக்காரியையும் ஹாஜியாரையும் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். கடைசிக் காட்சியில் எனக்குப் பின்வரிசையில் ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம், "இது எங்க பக்கத்து மலைதான்டி, பனியப் பாரு" என்றாள். எந்தப் பக்கத்தவளோ. எந்தப் பக்கமாக இருந்தாலும் அவள் சொன்னது சரி.

பிறகு எழுத்துகள் ஓடின. ஜனங்கள் எழுந்து போனார்கள். நான் உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு கொடுத்தவர் பெயர் வந்தது. வேன் ஓட்டியவர்கள் பெயர் வந்தது. கொழும்பு நிறுவனத்தின் பெயர் பெரிதாக வந்தது. அதன் கீழே "மற்றும் குழுவினர்" என்று வந்தது. திரை வெள்ளையானது.

"தம்பி, எனக்குக் கண்ணு மங்கிப்போச்சா?" என்று ஹாஜியார் மெதுவாகக் கேட்டார்.

"இல்ல ஹாஜியார். ஒங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் எந்தக் காட்சியும் பெரட்டு இல்லாமல் நடந்ததில்லை. கொழும்பு நிறுவனம், படங்களை நீக்கிவிட்டு அடுக்கை மட்டும் வெறுமையாக அனுப்பச் சொன்னது, அனுப்பினேன். அங்கே பழகியவர்கள் அதைச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். என் கண்ணில் புரை விழுந்து நான் ஓய்வுக்கு வந்துவிட்டேன். கூடத்தை இப்போது மோகன் நடத்துகிறான், முன்னைவிட நன்றாகவே ஓடுகிறது. என் அடுக்கு எங்கெங்கோ நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது ஒரு சந்தோஷம்தான். கண்ணை மூடினால் பெயர் தெரியாத ஊர்களில் விடியற்காலையில் பெட்டிகள் வந்து வரிசையில் நிற்பது போலிருக்கும்.

ஆனால் அந்தப் பையன் அதை "எங்கள் குழு உருவாக்கியது" என்று சொன்ன பிறகு, அந்தச் சந்தோஷம் போதவில்லை. பண்டார சேருக்குப் போன் எடுத்தேன். அவரும் ஓய்வுபெற்று, வெளிநாட்டில் மகளோடு இருக்கிறார்.

"நாலு பேரோட பேர் அனுப்பினேன் மல்லி. மேல இருக்கிறவங்க வெட்டிட்டாங்க. நீளம் கூடன்னு சொன்னாங்க."

"நீங்க அப்ப சொல்லல்லியே சேர்."

"நீ கேக்கல்லியே. நான் வெக்கத்துல சும்மா இருந்தேன். நீ ஏன் சும்மா இருந்த?"

அவர் மூச்சு விடுவது கேட்டது.

"இப்ப கேளு. பெருசா கேளு."

கேட்கிறேன். அந்த நிறுவனத்தில் இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் இன்று பாடமாக நடத்துகிற ஒழுங்கு, ஹட்டன் இரும்புக் கடை மாடியில், ஒரு தாயைப் பனிக்குள் அனுப்புவதற்காக நான் உண்டாக்கியது. மேல்வரிசைக்குப் பெயர் பெரட்டு. கீழே இறங்குவது நிரை. வெட்டுவது கவ்வாத்து. கடைசியில் இருப்பது நிறுவை. இந்த நாலு சொல்லையும் உங்கள் ஆங்கிலப் பெயர்களுக்குப் பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். அதன் கீழே தர்ஷினி, மோகன், ரிஸ்வான் பெயர்களைப் போடுங்கள்; அந்தப் பனிகள் அவர்களுடையவை. அவர்களுக்கு மேலே என் பெயரைப் போடுங்கள்: சுப்பையா செல்வராஜ், ஹட்டன்.

சின்ன எழுத்தில் போட்டாலும் பரவாயில்லை என்று முதலில் எழுதினேன். அந்த வரியை அடித்துவிட்டேன். உங்கள் நிறுவனத்தின் பெயர் எந்த அளவில் இருக்கிறதோ, அதே அளவில் போடுங்கள்.